விஞ்ஞானத்தை வினவிய வெல்ஸ்

விஞ்ஞானம் ஆக்கத்திற்கா, அழிவிற்கா? உயர்நிலைப் பள்ளி நாள் முதல் நாம் இந்தத் தலைப்பில் கட்டுரை எழுதி வருகிறோம். பட்டிமன்றமும் நடத்தி வருகிறோம். இரு பக்கமும் பேசி முடித்தபின், எல்லாம் பயன்படுத்துவோர் கையில் இருக்கிறது என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல, கைதட்டிக் கலைந்து விடுகிறோம். அந்தத் தீர்ப்பு தவறானதன்று. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. பயன்படுத்துவோரைப் பற்றிப் பேசும் அத்தீர்ப்பு, ஆய்வுக்கூடத்திற்குள் நின்று ஆய்வு செய்பவரைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. தம் மேசைமீது கிடக்கும் உயிருக்கு அவர் என்ன கடமைப்பட்டவர்? தம் செயலுக்கு அவர் யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்வியை 1818ஆம் ஆண்டிலேயே மேரி ஷெல்லி அம்மையார் 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் நாவலில் எழுப்பினார். அதே கேள்வியை, விலங்கியலை முறையாகப் பயின்ற ஒருவர் 1896இல் மீண்டும் எழுப்பினார். அவர்தான் ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ். அவர் விஞ்ஞானத்தின் பகைவர் அல்லர். விஞ்ஞானக் கல்வி கை கொடுத்துத் தூக்கிவிட்ட ஏழைப் பிள்ளை அவர். அக்கேள்வியை உலகின் முன் வைத்தவரும் அவரே. சில காலம் அதைத் தாமே மறந்தவரும் அவரே. முதுமையில் அதற்கு ஒரு விடை எழுதியவரும் அவரே. ஆகையால் அவர் வரலாறு, கலைப்பிரிவு மாணவர்க்கும் அறிவியல் பிரிவு மாணவர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தைச் சேர்ந்த புரோம்லி என்னும் சிற்றூரில் 1866ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் வெல்ஸ் பிறந்தார். தந்தையார் ஜோசப் வெல்ஸ், பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் ஆட்டக் கருவிகளும் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். அவர் கெண்ட் அணிக்குப் பந்து வீசியவர். 1862இல் சசெக்ஸ் அணிக்கு எதிராகத் தொடர்ந்து நான்கு பந்துகளில் நான்கு பேரை ஆட்டமிழக்கச் செய்து புகழ் பெற்றார். தாயார் சாரா, திருமணத்திற்கு முன் அப்பார்க் என்னும் பெரிய மாளிகையில் பணிப்பெண்ணாக இருந்தவர். கடையில் வருமானம் குறைவு. வறுமையை வெளியில் காட்டாமல் குடும்பம் நடத்துவதிலேயே அந்தத் தாயின் காலம் கழிந்தது.

1874இல் சிறுவன் வெல்ஸுக்குக் கால் எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்த பிள்ளைக்குத் தந்தையார் நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டு வந்து கொடுத்தார். படிக்கும் பழக்கம் அந்தப் படுக்கையில்தான் வேரூன்றியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1877இல், தந்தையாருக்கே தொடை எலும்பு முறிந்தது. கிரிக்கெட்டால் வந்துகொண்டிருந்த வருமானமும் நின்றது. 1880இல் தாயார் மீண்டும் அப்பார்க் மாளிகைக்கே வேலைக்குச் சென்றார்; இம்முறை பணியாளர்களை மேற்பார்க்கும் பொறுப்பில். குடும்பம் சிதறியது. பதின்மூன்று வயதுப் பிள்ளை பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று.

துணிக்கடையிலிருந்து வகுப்பறைக்கு

முதலில் வின்சர் நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பழகச் சேர்த்தார்கள். பணம் வாங்கும் மேசையில் கணக்கு நேராகாததால் அவ்வேலை நிலைக்கவில்லை. பின்னர்ச் சில வாரங்கள் ஒரு பள்ளியில் உதவியாளர்; அதன்பின் மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் ஒரு மருந்துக்கடை. மருந்துச் சீட்டுகளைப் படிக்க லத்தீன் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அவ்வூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ஹொரேஸ் பயட் என்பவரிடம் லத்தீன் கற்க அனுப்பினார்கள். சில மணி நேரப் பாடத்திலேயே பிள்ளையின் அறிவுக்கூர்மையை ஆசிரியர் கண்டுகொண்டார். ஆனால் மருந்துக்கடையில் தொடர வசதியில்லை. 1881இல் சௌத்ஸீ என்னும் கடற்கரை ஊரில் மற்றொரு துணிக்கடைக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர வேலை. இரவில் மற்றப் பையன்களோடு ஒரே கூடத்தில் படுக்கை. இரண்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. 1883இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல மைல் தூரம் நடந்தே அப்பார்க் மாளிகையை அடைந்து, தம்மைப் படிக்க விடுமாறு தாயாரிடம் மன்றாடினார். கடையில் சேர்க்கத் தாயார் கட்டிய முன்பணமோ திரும்பி வராது. இருந்தும் அவர் இசைந்தார். பயட் அவர்கள் தம் பள்ளியில் பாதி மாணவராகவும் பாதி ஆசிரியராகவும் வெல்ஸைச் சேர்த்துக் கொண்டார். அக்காலத்தில் அறிவியல் தேர்வுகளில் தேறும் மாணவர் எண்ணிக்கைக்கேற்ப அரசு மானியம் வழங்கி வந்தது. அத்தேர்வுகளை வெல்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக எழுதித் தேறினார். அதன் பயனாக 1884இல், லண்டன் தென் கென்சிங்டனில் இருந்த அரசு அறிவியல் கல்லூரியில், வாரம் ஒரு கினி உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஒரு கினி என்பது இருபத்தொரு ஷில்லிங். அதைக்கொண்டு வயிறாரச் சாப்பிட முடியாது. ஆனாலும் அந்தச் சிறு தொகை ஒரு துணிக்கடைப் பையனை உலக எழுத்தாளராக்கிற்று என்றால் அது மிகையாகாது.

ஹக்ஸ்லியின் மாணவர்

முதலாண்டில் அவருக்கு உயிரியல் கற்பித்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக இங்கிலாந்து முழுவதும் வாதாடிய பேரறிஞர் அவர். முயலையும் தவளையையும் அறுத்து, எலும்பையும் நரம்பையும் ஒப்பிட்டு, உயிர்கள் யாவும் ஒரே குடும்பத்தின் கிளைகள் என்று காட்டும் அந்த வகுப்பு வெல்ஸின் மனத்தை முற்றிலும் ஆட்கொண்டது. உயிரியலில் முதல் வகுப்பில் தேறினார். ஹக்ஸ்லி உடல்நலம் குன்றி 1885இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டுகளில் இயற்பியலும் நிலவியலும் வெல்ஸின் மனத்தைக் கவரவில்லை. 1887இல் நிலவியல் தேர்வில் தவறினார். பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார்.

ஆயினும் அந்த ஆண்டுகள் வீண் போகவில்லை. கல்லூரி மாணவர்களுக்காக ஓர் இதழைத் தொடங்கியவர்களுள் வெல்ஸும் ஒருவர். 1888இல் அந்த மாணவர் இதழில், காலத்தைக் கடந்து பயணம் செய்யும் ஒரு மனிதனைப் பற்றிக் கதையொன்று எழுதினார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கருவே செம்மையடைந்து 'கால இயந்திரம்' என்னும் புகழ்பெற்ற நாவலாயிற்று. கல்லூரி இதழுக்கு எழுதுவதை வீண்வேலை என்று எண்ணும் நண்பர்கள் இச்செய்தியை நினைவில் கொள்வது நல்லது.

பின்னர் வேல்ஸ் நாட்டுப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். அங்கே கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடியால் சிறுநீரகம் பழுதுற்றது. நுரையீரலிலிருந்தும் இரத்தம் கசிந்தது. இளமையிலேயே சாவின் வாசல்வரை சென்று மீண்டார். விடாமுயற்சியால் 1890இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1893இல் வெளிவந்த அவருடைய முதல் நூல்களுள் ஒன்று கதைப் புத்தகமன்று. மாணவர்க்கான உயிரியல் பாடநூலாகும். அதே ஆண்டு மீண்டும் இரத்தம் கக்கவே, ஆசிரியர் தொழிலைக் கைவிட்டு எழுத்தை நம்பி வாழத் தொடங்கினார். இல்லற வாழ்வில் அவரிடம் குறைகள் உண்டு. முதல் மனைவியைப் பிரிந்து, தம் மாணவியாக இருந்த ஆமி கேதரின் என்பவரை 1895இல் மணந்தார்.

டாக்டர் மோரோவின் தீவு

அக்கால இங்கிலாந்தில் ஒரு பெரும் வாதம் நடந்துகொண்டிருந்தது. உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆய்வு செய்வது முறையா என்பதே அது. 1875இல் இதனை விசாரிக்க அரசு ஒரு குழுவை அமைத்தது. வெல்ஸின் ஆசிரியரான ஹக்ஸ்லியும் அதில் ஓர் உறுப்பினர். அதன் விளைவாக 1876இல் சட்டம் வந்தது. உரிமம் பெற்றவரே இத்தகைய ஆய்வு செய்யலாம். பொதுவாக மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. சட்டம் போதாது என்று ஒரு சாராரும், சட்டமே ஆய்வுக்குத் தடை என்று மற்றொரு சாராரும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டனர்.

உயிரின் உடலமைப்பை அறுவையாலும் ஒட்டுமுறையாலும் எவ்வளவு தூரம் மாற்ற முடியும் என்பது பற்றி வெல்ஸ் 1895 ஜனவரியில் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு அக்கருத்து 'டாக்டர் மோரோவின் தீவு' என்னும் நாவலாக உருவெடுத்தது.

கதை இதுதான். கப்பல் விபத்தில் தப்பிய பிரெண்டிக் என்னும் இளைஞன் பசிபிக் கடலில் ஒரு தனித் தீவை அடைகிறான். அவனும் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவன் என்றே வெல்ஸ் எழுதியிருக்கிறார். அங்கே மோரோ என்னும் உடலியல் அறிஞர் வாழ்கிறார். தோலுரிக்கப்பட்ட நாயொன்று அவர் ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பி ஓடியதால் எழுந்த கண்டனத்தில் லண்டனை விட்டு வெளியேறியவர் அவர். தீவில் கேட்பாரில்லை. விலங்குகளை அறுத்து, ஒட்டி, மனித உருவாக்குகிறார். ஒரு பூமா வேதனையில் அலறும் ஓசை பகல் முழுவதும் பிரெண்டிக்கின் காதில் விழுகிறது. இருக்க முடியாமல் அவன் காட்டுக்குள் ஓடுகிறான். அறுவை முடிந்த விலங்கு மனிதர்கள் குகைகளில் கூடி, நான்கு காலால் நடக்கக்கூடாது, இறைச்சி உண்ணக்கூடாது என்பன போன்ற விதிகளை ஓதுகிறார்கள். அவ்விதிகளுக்குப் பின்னால் நிற்பது மோரோவின் அறுவைக்கூடத்தைப் பற்றிய அச்சம் ஒன்றே. இறுதியில் அந்தப் பூமாவே கட்டறுத்துக்கொண்டு ஓடி மோரோவைக் கொல்கிறது. மற்றவை சிறிது சிறிதாகப் பழைய விலங்கு நிலைக்குத் திரும்புகின்றன. தப்பி லண்டனுக்கு வந்த பிரெண்டிக்கிற்குத் தெருவில் போகும் மனிதர்களும் விலங்குகளாகவே தோன்றுகிறார்கள்.

இந்த நாவலை அன்றைய விமரிசகர் பலர் வெறுத்தனர். வெல்ஸின் முந்திய நூலைப் பாராட்டிய விலங்கியலாளர் சால்மர்ஸ் மிட்செல் இதனைக் கடுமையாகச் சாடினார். இரத்தமும் அருவருப்பும் மிகுந்த கதை என்பது பொதுவான குறை. ஆனால் ஊன்றிப் படிப்பவர்க்கு அதன் உட்பொருள் விளங்கும். மோரோ கொடியவர் அல்லர். பணத்தாசையோ பழிவாங்கும் எண்ணமோ அவரிடம் இல்லை. தம் ஆய்வின் நெறிமுறை பற்றி அவர் ஒருபோதும் கவலைப்பட்டதில்லை, அவ்வளவே. உயிரின் வடிவம் எந்த எல்லைவரை வளையும் என்று அறிவதே அவருக்கு வேண்டியது. அந்த அறிவால் யாருக்கு நன்மை, அதற்காக எத்தனை உயிர் எவ்வளவு துடிக்கலாம், படைத்து முடித்தபின் அவற்றின் கதி என்ன என்ற மூன்று கேள்விகளையும் அவர் கேட்கவில்லை. அவற்றைக் கேட்கக்கூடிய மனிதர் எவரும் இல்லாத இடத்தில் அவர் வாழ்ந்தார். தீவு என்பது கதை நடக்கும் இடம் மட்டுமன்று. யாருக்கும் கணக்குச் சொல்லாத ஆய்வின் இயல்பும் அதுவே.

அடுத்த ஆண்டு, 1897இல், 'கண்ணுக்குப் புலனாகாத மனிதன்' வெளிவந்தது. அதில் வரும் கிரிபின் என்னும் ஆய்வாளனுக்குத் தீவு கிடைக்கவில்லை. பூட்டிய வாடகை அறையே தீவாகிறது. தன் ஆய்வுச் செலவுக்காகத் தந்தையிடமிருந்தே பணத்தைத் திருடுகிறான். அது பிறர் பணம். அதனால் தந்தை தற்கொலை செய்துகொள்கிறார். ஒரு பூனையைச் சோதனைக்கு உட்படுத்தித் தெருவில் விட்டுவிடுகிறான். கடைசியில் தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு, ஊரார் அடித்துக் கொல்ல மாய்கிறான். 1898இல் வந்த 'உலகங்களின் போர்' நாவலிலோ, செவ்வாய்க் கோளினர் மனிதரை அழிக்கும்போது, டாஸ்மேனியத் தீவின் பழங்குடியினரை ஐரோப்பியர் அழித்ததை வெல்ஸ் தம் நாட்டாருக்கு நினைவூட்டினார்.

கேள்வியை மறந்த காலம்

இவ்வளவு எழுதியவர் இதோடு நின்றிருந்தால் அவரை நாம் குறையின்றிப் போற்றலாம். ஆனால் 1901இல் அவர் வெளியிட்ட 'எதிர்பார்ப்புகள்' என்னும் நூலைப் படிப்பவர்க்கு மனம் வருந்தும். எதிர்கால உலகத்தை அறிவும் திறமையும் மிக்கவர்களே ஆள்வார்கள் என்றும், நோயாளிகளும் திறமையற்றோரும் பிள்ளை பெறாமல் தடுக்கப்பட வேண்டும் என்றும், அவ்வுலகின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத கறுப்பு, பழுப்பு, மஞ்சள் நிற மக்கள் மறைந்தொழிய வேண்டியிருக்கும் என்றும் அதில் அவர் எழுதினார். அந்தப் பட்டியலில் நம் நாட்டு மக்களும் அடங்குவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1904இல் லண்டனில், மனித இனத்தை நல்ல விதைகளால் மேம்படுத்தலாம் என்று பிரான்சிஸ் கால்டன் உரையாற்றியபோது, சிறந்தவர்களைப் பெருக்குவதைவிடத் தவறிப் பிறந்தவர்களை மலடாக்குவதே வழி என்ற கருத்தை வெல்ஸ் தெரிவித்தார்.

மோரோ விலங்குகளை வைத்துச் செய்ததை, மோரோவைப் படைத்தவரே மனித இனங்களை வைத்துக் காகிதத்தில் செய்து பார்த்தார் என்றே இதனைக் கொள்ள வேண்டும். ஆளப்படும் மக்கள் அவருக்கு அப்போது எண்ணிக்கையாகவும் மூலப்பொருளாகவும் தெரிந்தார்கள். அவர்கள் சம்மதம் கேட்கப்பட வேண்டியவர்கள் என்று தோன்றவில்லை. துணிக்கடைப் பையனாக இருந்தபோது தம்மையும் எவரோ பயனற்றவன் என்று கழித்திருக்கக்கூடும் என்பதும் அவர் நினைவுக்கு வரவில்லை போலும். எனினும் 1905இல் வெளிவந்த 'நவீன இலட்சிய உலகம்' என்னும் நூலில், பிறப்பால் உயர்ந்த இனம் உண்டு என்னும் கொள்கையை அவரே எதிர்த்து எழுதினார். மனம் மாறத் தொடங்கியிருந்தது. முழுமையாக மாற இன்னும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

அணுகுண்டின் முன்னறிவிப்பு

1914இல், முதல் உலகப்போர் மூளுவதற்குச் சற்று முன், 'விடுதலை பெற்ற உலகம்' வெளிவந்தது. ரேடியம் பற்றி வேதியியலாளர் பிரெடரிக் சாடி எழுதிய நூலைப் படித்து, அதன் தூண்டுதலால் எழுதிய நாவல் இது. அந்நூலுக்கே காணிக்கையாக்கவும் பட்டது. அணுவின் ஆற்றலை வெளிக்கொணரும் வழியை 1933இல் ஒரு விஞ்ஞானி கண்டுபிடிப்பதாகவும், பின்னர் விமானத்திலிருந்து அணுகுண்டுகள் வீசப்பட்டு நகரங்கள் அழிவதாகவும் அதில் எழுதினார். அணுகுண்டு என்ற சொல்லே அந்த நாவலால்தான் பரவியது.

லியோ சிலார்டு என்னும் ஹங்கேரிய இயற்பியலாளர் 1932இல் இந்நாவலைப் படித்தார். மறு ஆண்டு, வெல்ஸ் குறித்த அதே 1933இல், லண்டன் தெருவொன்றைக் கடக்கும்போது, அணுக்கருத் தொடர்வினைக்கான எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1934இல் அதற்குக் காப்புரிமை கோரினார். இதன் முடிவு என்னவாகும் என்று நாவலைப் படித்திருந்ததால், அது வெளியே பரவாதிருக்கக் காப்புரிமையைப் பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்தார். ஆனால் ஹிட்லரின் ஜெர்மனி முந்திக்கொள்ளுமோ என்ற அச்சத்தால் அவரே அமெரிக்க அணுகுண்டு முயற்சிக்குத் தூண்டுகோலானார். 1945 ஜூலையில், எச்சரிக்கையின்றி ஜப்பான்மீது குண்டு வீச வேண்டாம் என்று விண்ணப்பம் எழுதி, விஞ்ஞானிகள் எழுபது பேரின் கையொப்பத்தைப் பெற்றவரும் அவரே. விண்ணப்பம் பயனற்றுப் போயிற்று. ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா எரிந்தது. ஆய்வுக்கூடத்தின் கதவைத் தாண்டிய பொருள், ஆய்வாளரின் கையில் நிற்பதில்லை.

ஆய்வே வேண்டாம் என்றாரா?

இவற்றையெல்லாம் கொண்டு வெல்ஸ் ஆய்வுக்கே எதிரி என்று முடிவு கட்டுவது பிழை. 1927இல், விலங்குகளைக் கொண்டு செய்யும் ஆய்வுகளைக் கண்டித்த நாடகாசிரியர் பெர்னாட்ஷாவை எதிர்த்து, ரஷ்ய அறிஞர் பாவ்லாவின் பக்கம் நின்று பத்திரிகைகளில் வாதாடியவர் வெல்ஸ். ஷா அவருடைய நெடுநாள் நண்பர். ஆயினும் நோயைத் தீர்க்கும் அறிவை இழக்க வெல்ஸ் இசையவில்லை.

அதற்கு அவர் வாழ்விலேயே காரணம் இருந்தது. அவர் நீரிழிவு நோயாளி. 1921இல் கனடாவின் டொரண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களைக் கொண்டு செய்த ஆய்வின் பயனாகவே இன்சுலின் கிடைத்தது. 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதுவரை இளம் வயதில் இந்நோய் கண்டவர்க்குச் சாவு நிச்சயமாக இருந்தது. இன்சுலினால் உயிர் பிழைத்தவர்களுள் ஒருவர் ஆர். டி. லாரன்ஸ் என்னும் மருத்துவர். அவரும் வெல்ஸும் சேர்ந்து 1934இல் நீரிழிவு நோயாளிகளுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். ஏழை நோயாளிக்கும் இன்சுலின் கிடைக்க வேண்டும், நோயாளியே தன் நோயைப் பற்றி அறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். அச்சங்கம் பிரிட்டனில் இன்றும் வேறு பெயரில் பணியாற்றி வருகிறது.

டொரண்டோவின் நாய்களும் துன்புற்றன. மோரோவின் பூமாவும் துன்புற்றது. வேறுபாடு எங்கே? டொரண்டோவில் நடந்தது திறந்த ஆய்வு. அதற்கு ஒரு நோக்கம் இருந்தது. அதன் முடிவு மற்ற அறிஞர் முன் வைக்கப்பட்டது. பயன் பலருக்குச் சென்றது. அதனால் நாயின் துன்பம் ஒன்றுமில்லாமல் போய்விடாது. ஆனால் ஏன் செய்தோம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு விடை இருந்தது. மோரோவிடம் விடையும் இல்லை, கேட்பவரும் இல்லை.

முதுமையில் எழுதிய விடை

1933இல் ஜெர்மனியில் நாஜிகள் கொளுத்திய நூல்களில் வெல்ஸின் நூல்களும் இருந்தன. அதே ஆண்டு அங்கே கட்டாய மலடாக்கச் சட்டம் வந்தது. 1904இல் தாம் வாய்விட்டுச் சொன்னது சட்டமாகிப் பல்லாயிரம் மக்கள்மீது பாய்வதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். இங்கிலாந்தைப் பிடித்தால் கைது செய்ய வேண்டியவர்கள் என்று நாஜிகள் தயாரித்த பட்டியலில் அவர் பெயரும் இடம் பெற்றது.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும், எதற்காகப் போரிடுகிறோம் என்ற கேள்வியை எழுப்பி, மனித உரிமைகளுக்கு ஒரு சாசனம் வேண்டும் என்று எழுதத் தொடங்கினார். 1940இல் 'மனிதனின் உரிமைகள்' என்னும் நூல் வெளிவந்தது. அதிலுள்ள விதிகளுள் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. எந்த மனிதனையும், அவன் தானே எண்ணித் தடையின்றித் தந்த சம்மதம் இல்லாமல், உறுப்புச் சிதைவுக்கோ மலடாக்கத்திற்கோ உட்படுத்தக்கூடாது என்பது அதன் கருத்து. மலடாக்குவதே வழி என்று முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கூறிய அதே மனிதர், சம்மதம் என்ற சொல்லைத் தம் கையாலேயே எழுதினார். மோரோவின் தீவில் இல்லாதிருந்த சொல் அது.

மறைவும் பின்னும்

ஹிரோஷிமா எரிந்து ஓராண்டும் ஏழு நாளும் கழித்து, 1946ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், லண்டனில் தம் இல்லத்தில் வெல்ஸ் காலமானார். எழுபத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். நூறுக்கும் குறையாத நூல்களும் சிறு வெளியீடுகளும் எழுதியவர். உடல் எரியூட்டப்பட்டுச் சாம்பல் கடலில் தூவப்பட்டது. ஆகவே அவருக்குக் கல்லறை இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஒரு வழக்கு தொடங்கியது. சிறை முகாம்களில் கைதிகளை வைத்துக் கொடிய ஆய்வுகள் நடத்திய குற்றத்திற்காக இருபத்து மூன்று பேர் கூண்டில் நின்றனர். அவர்களில் இருபது பேர் மருத்துவர்கள். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள். 1947இல் தீர்ப்போடு பத்து விதிகள் வெளியிடப்பட்டன. ஆய்வுக்கு உட்படும் மனிதனின் மனமுவந்த சம்மதம் இன்றியமையாதது என்பதே அவற்றுள் முதல் விதி. அதைக் காண வெல்ஸ் உயிரோடில்லை.

அதன்பின் உலகம் சற்றுக் கற்றுக்கொண்டது. மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறை கண்டறியப்பட்டபோது, விஞ்ஞானிகளே 1974இல் சில ஆய்வுகளைத் தாமாக நிறுத்தி வைத்தனர். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமர் என்னும் இடத்தில் கூடி, எந்தக் காப்புகளோடு தொடரலாம் என்று விவாதித்து விதிகள் வகுத்தனர். மோரோ செய்யாததை அவர்கள் செய்தார்கள். ஆனால் கற்றதை மறப்போரும் உண்டு. 2018இல் சீனாவில் ஓர் ஆய்வாளர், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். அதுவரை அந்த ஆய்வு மறைவாகவே நடந்திருந்தது. 2019 இறுதியில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளோ தம்மைக் கேட்காமல் செய்யப்பட்ட மாற்றத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டியவர்கள்.

நண்பர்களே! வெல்ஸின் வாழ்க்கை நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. வறுமையில் பிறந்த பிள்ளையையும் கல்வி கைதூக்கிவிடும் என்பது ஒன்று. கல்வி மட்டும் ஒருவரை நெறியில் நிறுத்திவிடாது என்பது மற்றொன்று. உயிர்த் துன்பத்தைப் பற்றி உலகையே நடுங்கவைத்து எழுதியவரும், ஐந்தே ஆண்டுகளில் மனிதரைக் கழித்துக் கணக்குப் போட்டார். ஆகவே அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டோம் என்று இருந்துவிட முடியாது. ஒவ்வொரு ஆய்வுக்கும் புதிதாகக் கேட்க வேண்டும். நாளை நம்முள் ஒருவர் மருத்துவமனையில், வேளாண் ஆய்வுப் பண்ணையில், மருந்துத் தொழிற்கூடத்தில் பணி புரியக்கூடும். புள்ளிவிவரம் சேகரிக்கும் அலுவலகத்திலும் அமரக்கூடும். எங்கிருந்தாலும், நம் கையில் அகப்பட்டவர் யார், அவர் சம்மதித்தாரா, நாம் செய்வதைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய முடியுமா என்று கேட்டுக்கொள்வோம். கதவைச் சாத்தினால்தான் செய்ய முடியும் என்று தோன்றினால், நாம் நிற்பது மோரோவின் தீவு என்று தெரிந்துகொள்வோம்.